இரவு இரண்டரை மணி – டைப் 1 சர்க்கரை வியாதியும் தானாக இயங்கும் இன்ஸுலின் பம்ப்பும்

(நமது சங்கத்தின் நாகபுரி அங்கத்தினர்களின் வருடாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை. வெளியூர் அங்கத்தினர்கள் பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க முழுமையாகப் பிரசுரிக்கிறோம். – ஆசிரியர்)

 

போன மாதம் காரியதரிசி மாமா போன் பண்ணி, "ஆரோக்கியத்தைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசணும்" என்றார். நான் டாக்டர் இல்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ரிடையர் ஆனவள். "டாக்டர் யாரையாவது கூப்பிடுங்களேன்" என்று சொன்னேன். "டாக்டர் வியாதியைப் பத்திப் பேசுவார். நீங்க அதோட 1979-லேர்ந்து குடித்தனம் பண்ணிண்டிருக்கேள். அதைச் சொல்லுங்கோ" என்றார். அதற்கு மேல் மறுக்க முடியவில்லை.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நம்மில் பாதிப் பேருக்கு மேல் "எனக்கும் ஷுகர் உண்டு" என்று சொல்பவர்கள்தான். அது பெரும்பாலும் டைப் 2. நடுத்தர வயதில் வரும். உடம்பு இன்ஸுலினைச் சரியாக உபயோகப்படுத்தாது. மாத்திரை, நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு இவற்றால் பல வருஷம் ஓட்டலாம். எனக்கிருப்பது டைப் 1. நம் உடம்பின் காவல் படையே தவறாகப் புரிந்துகொண்டு, கணையத்தில் இன்ஸுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. இனிப்பு சாப்பிட்டதால் வருவதில்லை. பாவத்தினால் வருவதில்லை. அம்மா கர்ப்பமாக இருந்தபோது எதையோ தின்றதாலும் வருவதில்லை. குழந்தைக்கும் வரும், நாற்பது வயதிலும் வரும். இன்ஸுலினை வெளியிலிருந்து கொடுக்காவிட்டால் உயிர் தங்காது. வெந்தயமும் பாகற்காயும் டைப் 2 காரர்களுக்கு எவ்வளவு உதவுமோ எனக்குத் தெரியாது; டைப் 1 குழந்தைக்கு இன்ஸுலினை நிறுத்திவிட்டு அதைக் கொடுத்தால் குழந்தை பிழைக்காது. தயவுசெய்து யாரும் அப்படி யோசனை சொல்லாதீர்கள்.

அந்தக் காலம்

1979-ல் எனக்குப் பதினொரு வயது. பம்பாயில் மாதுங்காவில் இருந்தோம். ஒரு மாதத்தில் பாவாடை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்தேன். ராத்திரியெல்லாம் ஜலம் குடிப்பேன். ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் வியாதி தெரிந்தது. அன்று முதல் தினம் இரண்டு ஊசி. கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் அம்மா வெந்நீரில் கொதிக்க வைப்பாள். வீட்டில் ரத்தப் பரிசோதனை என்பதே கிடையாது. சோதனைக் குழாயில் பெனடிக்ட் திரவம், அதில் எட்டுச் சொட்டு சிறுநீர், கீழே ஸ்பிரிட் விளக்கு. நீலமாகவே இருந்தால் சர்க்கரை இறங்கவில்லை. பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல் நிறம் வந்தால் அதிகம். அதுவும் சில மணி நேரத்துக்கு முந்தைய நிலவரம். இப்போது ரத்தத்தில் எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது.

அந்தக் காலத்து இன்ஸுலின் மாடு, பன்றி இவற்றின் கணையத்திலிருந்து எடுத்தது. அப்பா தயங்கித் தயங்கிப் பாட்டியிடம் சொன்னார். பாட்டி மடி ஆசாரத்தில் ஒரு அணுவும் விட்டுக்கொடுக்காதவள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "ஔஷதத்துக்கு தோஷமில்லைடா. கொழந்தைக்குப் போடு" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் எங்கள் வீட்டில் எல்லாக் குழப்பமும் தீர்ந்தது. 1982-ல் அமெரிக்காவில் மனித இன்ஸுலினையே பாக்டீரியாவைக் கொண்டு தயாரிக்க அனுமதி வந்தது. இன்று நாம் போட்டுக்கொள்வது அந்த வழியில் பாக்டீரியாவிலோ ஈஸ்ட்டிலோ தயாராவதுதான்.

இன்ஸுலின் இல்லாத காலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் லெனார்ட் தாம்ஸன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்குத்தான் முதல் முதலில் இன்ஸுலின் போட்டார்கள். அதற்கு முன்னால் இந்த வியாதி வந்த குழந்தைகள் சில மாதங்களோ ஓரிரு வருஷங்களோதான் இருந்தார்கள்.

இரவுதான் ஆபத்து

இன்ஸுலின் உயிரைக் காப்பாற்றும். அளவு மிஞ்சினால் அதுவே உயிரை எடுக்கவும் செய்யும். சாதாரண மனிதருக்கு ரத்தத்தில் சர்க்கரை குறைய ஆரம்பித்தவுடன் கணையம் இன்ஸுலினை நிறுத்திவிடும். குளூககான் என்ற எதிர் ஹார்மோனை விடும். எங்களுக்கு இரண்டும் கிடையாது. ஊசியில் உள்ளே போன இன்ஸுலினைத் திரும்ப எடுக்க முடியாது. குளூககான் சுரப்பும் வியாதி வந்த சில வருஷங்களில் மந்தமாகிவிடுகிறது. மிச்சமிருப்பது அட்ரினலின் ஒன்றுதான். கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும். ஓடிப்போய் சர்க்கரையைத் தின்போம்.

தூக்கத்தில் அந்த அட்ரினலினும் சரியாகச் சுரப்பதில்லை என்று 1998-ல் ஓர் ஆராய்ச்சி காட்டியது. அதற்கும் முன்னால், 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பெரிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தினால் கண் பாதிப்பு வரும் அபாயம் 76 சதவிகிதம் குறைகிறது என்று அதில் தெரிந்தது. அதே ஆராய்ச்சியில், அப்படிக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கடுமையான தாழ்சர்க்கரை ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் வந்ததும் தெரிந்தது. அந்தச் சம்பவங்களில் 55 சதவிகிதம் தூக்கத்தில் நடந்தவை.

எங்கள் சங்கடம் புரிகிறதா? கண்ணையும் சிறுநீரகத்தையும் காப்பாற்ற வேண்டுமானால் சர்க்கரையைக் குறைவாக வைக்க வேண்டும். குறைவாக வைத்தால் ராத்திரி பயம். 1991-ல் இங்கிலாந்து டாக்டர்கள் ஒரு விஷயத்தை எழுதினார்கள். டைப் 1 உள்ள சில இளைஞர்கள் முதல் நாள் ராத்திரி நன்றாகப் படுத்து, காலையில் படுக்கையிலேயே இறந்து கிடந்தார்கள். படுக்கை கலையக்கூட இல்லை. அபூர்வம்தான். ஆனால் டைப் 1 குழந்தையின் அம்மா யாரும் இதை மறந்து தூங்கியதில்லை.

டைம்பீஸ்

1993-ல் எனக்குக் கல்யாணம் ஆகி நாகபுரி வந்தேன். 1996-ல் ஒரு ராத்திரி. ஜனவரி மாதக் குளிர். என் ஆத்துக்காரர் தற்செயலாக விழித்தபோது என் தலையணை தொப்பலாக நனைந்திருந்ததாம். கூப்பிட்டால் ஏதேதோ உளறினேனாம். உட்கார வைத்து, விழுங்குகிறேனா என்று பார்த்துப் பார்த்து சர்க்கரை ஜலம் கொடுத்திருக்கிறார். எனக்கு நினைவு வந்தபோது என் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். "ஏன்னா, என்ன ஆச்சு?" என்றேன். "ஒண்ணுமில்லை, தூங்கு" என்றார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஒரு டைம்பீஸ் வாங்கி வந்தார். அன்றிலிருந்து ராத்திரி இரண்டரைக்கு அலாரம். எழுந்து என் பிடரியைத் தொட்டுப் பார்ப்பார். ஈரமில்லை என்றால் படுத்துவிடுவார். ஈரம் என்றால் எழுப்பிப் பரிசோதிப்பார். பாதி நாள் அவர் தொட்டது எனக்குத் தெரியவே தெரியாது. இருபத்திரண்டு வருஷம் இப்படிச் செய்தார். ஆபீஸில் ஆடிட் நடக்கும் மாதத்திலும், அவருக்கே ஜுரமாக இருந்தபோதும் இது நிற்கவில்லை.

2018-ல் அவர் காலமானார். பதின்மூன்றாம் நாள் சுபம் முடிந்து எல்லோரும் ஊருக்குப் புறப்பட்டார்கள். பிள்ளை மட்டும் இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டு பெங்களூர் போனான். அன்று ராத்திரி படுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது: இரண்டரை மணிக்கு இனி யாரும் இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? படுக்கும் முன் வேண்டுமென்றே இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டேன். ராத்திரி இன்ஸுலினைக் குறைத்துக்கொண்டேன். 250-க்குக் கீழே இருந்தால் படுக்கவே மாட்டேன். நாலு வருஷம் இப்படி. மூன்று மாத சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை 7.4-லிருந்து 9.1-க்குப் போயிற்று. கண் டாக்டர் விழித்திரையில் ரத்தக் கசிவுப் புள்ளிகள் இருப்பதாகச் சொன்னார். "ஏன் இப்படி ஏறவிட்டேள்?" என்றார். பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சாப்பாட்டில் கவனம் குறைந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

இந்தச் சபையில் டைப் 1 உள்ளவர்களோ அவர்களைப் பெற்றவர்களோ இருந்தால், பயந்துகொண்டு சர்க்கரையை ஏற்றி வைத்துக்கொள்வது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நான் சொன்ன பிறகுதான் எனக்கு வழி பிறந்தது.

கருவி எப்படி வேலை செய்கிறது?

கருவியில் மூன்று பாகம். ஒன்று சென்சார். ஒரு ரூபாய்க் காசைவிடச் சற்றுப் பெரிதாக, கையிலோ வயிற்றிலோ ஒட்டிக்கொள்வது. அதன் மெல்லிய இழை தோலுக்கடியில் இருக்கும் நீரில் சர்க்கரையை அளந்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை தகவல் அனுப்பும். இரண்டாவது பம்ப். சின்ன மொபைல் போன் அளவு. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக இன்ஸுலின் சொட்டுச் சொட்டாக, சொட்டில் கூட ஒரு பங்காக, தோலுக்கடியில் போகும். மூன்றாவது இவற்றை இணைக்கும் கணக்கு. கணக்கு டீச்சர் என்பதால் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

சர்க்கரை இப்போது எவ்வளவு, எந்த வேகத்தில் ஏறுகிறது அல்லது இறங்குகிறது, முன்னால் கொடுத்த இன்ஸுலினில் எவ்வளவு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது – இவற்றை வைத்துக்கொண்டு இன்னும் அரை மணியில் எங்கே போய் நிற்கும் என்று அது கணிக்கிறது. இறங்கும் என்று தோன்றினால் இறங்குவதற்கு முன்பே இன்ஸுலினைக் குறைக்கிறது, அல்லது நிறுத்துகிறது. ஏறினால் கூட்டுகிறது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, விடியும் வரை.

ராத்திரிக்கு இது ஏன் பொருத்தம்? பகலில் சாப்பாடு, படி ஏறுவது, கோபதாபம் என்று ஆயிரம் உண்டு. ராத்திரி அதெல்லாம் இல்லை. ஆனால் ஒரே ஆளுக்கே இன்று தேவைப்படும் இன்ஸுலின் நாளை தேவைப்படாது. பகலில் நிறைய நடந்திருந்தால் நடுராத்திரி சர்க்கரை இறங்கும். கல்யாண ரிசப்ஷனில் பத்து மணிக்கு நெய்யும் எண்ணெயுமாகச் சாப்பிட்டால் ஒரு மணிக்கு மேல் ஏறும். விடியற்காலை நாலு மணிக்குச் சில ஹார்மோன்கள் சுரந்து, ஒன்றும் சாப்பிடாமலேயே சர்க்கரை ஏறும். படுக்கும்போது போடும் ஒரே ஊசி இத்தனைக்கும் ஈடு கொடுக்காது.

ஆராய்ச்சியில் தெரிந்தது

இந்த எண்ணம் புதிதில்லை. 1960-களிலேயே அமெரிக்காவில் ஆர்னால்ட் காடிஷ் என்ற டாக்டர், முதுகில் மூட்டை மாதிரி சுமக்கும் அளவில் ஒரு கருவி செய்தார். 1970-களில் வந்த பயோஸ்டேட்டர் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கும் பெரிய இயந்திரம்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் ரோமன் ஹோவோர்காவும் சகாக்களும் ராத்திரி நேரத்தையே முதலில் எடுத்துக்கொண்டார்கள். 2011-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் 24 பேர், எல்லோரும் பெரியவர்கள். பாதிப் பேருக்கு ஏழு மணிக்கு மிதமான சாப்பாடு. மற்றவர்களுக்கு எட்டரை மணிக்குப் பெரிய சாப்பாடு, அவர்கள் ஊர் வழக்கப்படி ஒயினும் கூட. ஹோட்டலில் சாப்பிட்டு வந்தவர்கள் ராத்திரி எப்படி இருப்பார்கள் என்று பார்க்கத்தான்! கணக்குப்படி இன்ஸுலின் கொடுத்த இரவுகளில் இரு பிரிவினருக்குமே சர்க்கரை சரியான அளவில் இருந்த நேரம் கூடியது. நடுராத்திரிக்கு மேல் 54-க்குக் கீழே ஒருவருக்கும் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு 2014-ல் வெளியான ஆய்வில் 24 பேர் தங்கள் வீட்டிலேயே, பக்கத்தில் டாக்டரோ நர்ஸோ இல்லாமல், நாலு வாரம் ராத்திரி இதை உபயோகித்தார்கள். நடுராத்திரி முதல் காலை ஏழு வரை, சர்க்கரை 70-க்கும் 144-க்கும் நடுவில் இருந்த நேரம் 39 சதவிகிதத்திலிருந்து ஏறக்குறைய 53 ஆனது. ஏழு மணி நேரத்தில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கூடுதல். தினமும் ஒரு மணி என்றால் வருஷத்துக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

2016 செப்டம்பரில் அமெரிக்க அரசு இப்படிப்பட்ட முதல் கருவிக்கு அனுமதி கொடுத்தது. 2019-ல் 168 பேரை வைத்து ஆறு மாதம் நடந்த ஆய்வு வெளியானது. கருவி உள்ளவர்களுக்குச் சர்க்கரை 70-க்கும் 180-க்கும் நடுவில் இருந்த நேரம் 61 சதவிகிதத்திலிருந்து 71 ஆயிற்று. இல்லாதவர்களுக்கு 59-லேயே நின்றது. 2023 டிசம்பரில் இங்கிலாந்தில் அரசாங்கச் செலவிலேயே டைப் 1 காரர்களில் பலருக்கு இதைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள்.

ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் சியாட்டிலில் டேனா லூயிஸ் என்பவர், டைப் 1, தனியாக இருந்தார். சென்சாரின் அலாரச் சத்தம் அவருடைய தூக்கத்தைக் கலைக்கவில்லை. கருவி செய்தவர்கள் சத்தத்தைக் கூட்டித் தருவதாக இல்லை. 2013-ல் அவரும் பின்னாளில் அவருடைய கணவரானவரும் சேர்ந்து, சென்சார் தகவலைத் தங்கள் கணிப்பொறிக்குக் கொண்டுவந்து உரக்க அலற வைத்தார்கள். அதிலிருந்து ஒவ்வொரு படியாகப் போய், 2015-ல் இன்ஸுலினையே தானாகக் கூட்டிக் குறைக்கும் முறையை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். அதைப் படித்தபோது எங்கள் வீட்டு டைம்பீஸ்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

என் அனுபவம் – நல்லதும் அல்லாததும்

2023-ல் எனக்கு இந்தக் கருவி பொருத்தினார்கள். முதல் ராத்திரி நம்பிக்கையே இல்லை. வழக்கப்படி வாழைப்பழத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சர்க்கரை 138. பயிற்சி கொடுத்த பெண், "மாமி, சாப்பிடாமல் படுங்கோ" என்று சொல்லியிருந்தாள். படுத்தேன். இரண்டரைக்குத் தானாக விழிப்பு வந்தது. பார்த்தால் 117. காலையில் 121. கோட்டை வரைந்து காட்டும் படத்தில் பார்த்தேன்: ஒரு மணி சுமாருக்குக் கீழே போக ஆரம்பித்திருக்கிறது, கருவி முக்கால் மணி இன்ஸுலினை நிறுத்தி வைத்திருக்கிறது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பூஜை அறையில் விளக்கேற்றும்போது அழுதுவிட்டேன்.

இப்போது ஹெச்பிஏ1சி 7.0. கண்ணில் மேற்கொண்டு கசிவில்லை என்கிறார் டாக்டர். சென்சார் காட்டுவது பெங்களூரில் பிள்ளையின் போனிலும் தெரிகிறது. 70-க்குக் கீழே போனால் அவனுக்கும் மணி அடிக்கும்.

இதில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன்.

முதலாவது, இது முழுக்கத் தானாக நடப்பதில்லை. சாப்பிடும் முன் எவ்வளவு மாவுச்சத்து என்று நாம்தான் சொல்ல வேண்டும். ஒரு கப் சாதம் என்றால் 45 கிராம் என்ற கணக்கு தெரிய வேண்டும். ராத்திரி சாப்பாட்டுக்குத் தப்பாகச் சொன்னால் ராத்திரி முழுக்கக் கருவி அந்தத் தப்போடு மல்லுக்கட்டும்.

இரண்டாவது, சென்சார் மேலேயே ஒருக்களித்துப் படுத்தால் அந்த இடம் அழுந்தி, இல்லாத தாழ்சர்க்கரையைக் காட்டும். நடுராத்திரி மணி அடித்து, பதறியடித்து சர்க்கரையைத் தின்று, பிறகு விரலில் குத்திப் பார்த்தால் 130! எந்தப் பக்கம் படுப்போமோ அதற்கு மறுபக்கம் ஒட்டிக்கொள்ள வேண்டும். உடம்புக்குத் தோன்றுவதும் கருவி சொல்வதும் ஒத்துப் போகாவிட்டால் விரலில் குத்திப் பார்ப்பதுதான் முடிவு.

மூன்றாவது, முக்கியமானது. பம்ப்பில் இருப்பது சீக்கிரம் வேலை செய்து சீக்கிரம் தீர்ந்துபோகும் இன்ஸுலின் மட்டுமே. குழாய் மடங்கினால் சில மணி நேரத்தில் உடம்பில் இன்ஸுலினே இருக்காது. ரத்தத்தில் கீட்டோன் என்ற விஷம் சேரும். எனக்கு ஒரு தடவை நடந்தது. காலை நாலு மணிக்குத் தாகத்தில் விழித்தேன். 340. குழாய் தோலுக்கடியில் மடங்கியிருந்தது. தலையணைக்கும் போர்வைக்கும் நடுவில் கருவி அடித்த மணி எனக்குக் கேட்கவில்லை. பிள்ளைதான் மூன்று தடவை போன் பண்ணியிருக்கிறான்; போனை ஹாலில் வைத்திருந்தேன். பேனா ஊசியால் இன்ஸுலின் போட்டு, புதுக் குழாய் மாற்றி, கீட்டோன் பார்த்தேன். நல்லவேளை, ஆஸ்பத்திரி வரை போகவில்லை. அன்றிலிருந்து இரண்டு விதி: பேனா ஊசி எப்போதும் வீட்டிலும் கைப்பையிலும் இருக்கும். படுக்கும்போது போன் தலைமாட்டில், சத்தத்தோடு.

நாலாவது, செலவு. கருவிக்குச் சில லட்ச ரூபாய். அதோடு முடியாது, சென்சாரும் குழாயும் மாதாமாதம் வாங்க வேண்டும். அதுதான் பெரிய பாரம். இன்ஷூரன்ஸ் கொடுக்குமா என்பதை வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் விட்டுப்போன பணம் இருந்ததால் என்னால் முடிந்தது. எல்லோராலும் முடியாது என்பது எனக்குத் தெரியும். முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். பம்ப் இல்லாமல், அலாரம் அடிக்கும் சென்சார் மட்டும் வைத்துக்கொண்டாலே ராத்திரி பயம் பாதி குறையும். வருஷம் முழுக்க முடியாவிட்டால், உடம்பு சரியில்லாதபோதும் இன்ஸுலின் அளவு மாற்றும்போதும் இரண்டு வாரம் போட்டுக்கொள்ளலாம். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஏகாதசி உபவாசம் இருக்கலாமா என்று மாமிகள் கேட்பீர்கள். முன்பெல்லாம் ஊசி போட்டால் கட்டாயம் சாப்பிட்டே ஆக வேண்டும். இப்போது தேவைக்குத் தகுந்தபடி இன்ஸுலின் குறைகிறது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, இறங்கினால் உடனே முறித்துவிடுவது என்ற நிபந்தனையோடு நான் இருக்கிறேன். மருந்தைப் பற்றிப் பாட்டி சொன்னது இதற்கும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

வேண்டுகோள்கள்

மூன்று வேண்டுகோளோடு முடிக்கிறேன்.

ஒன்று. தாழ்சர்க்கரைக்கு என்ன செய்வது என்று வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை ஜலத்தில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி பொறுத்துப் பரிசோதியுங்கள். ஏறாவிட்டால் மறுபடி கொடுங்கள். லட்டு, சாக்லேட் வேண்டாம். அதிலுள்ள நெய் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு இல்லாவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த குளூககான் ஊசி வீட்டில் இருந்தால் அதைப் போடுங்கள்.

இரண்டு. நம் சங்கத்தில் ஒவ்வொரு ஊரிலும் தனியாக இருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர்! பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும். பிள்ளையின் போனில் மணி அடித்தால் அவன் யாரைக் கூப்பிடுவான்? எனக்குப் பக்கத்து வீட்டு மராத்தி அம்மாவிடம் ஒரு சாவி கொடுத்திருக்கிறேன். அதுபோல ஒவ்வொரு பேட்டையிலும் நம் அங்கத்தினர் இரண்டு பேராவது, நடுராத்திரி கூப்பிட்டால் போய்க் கதவைத் திறக்கிறோம் என்று பெயர் கொடுக்க வேண்டும். காரியதரிசி மாமா வெளியே ஒரு நோட்டு வைத்திருக்கிறார். முதல் பெயர் என்னுடையது. நான் கூப்பிடுகிறவள் மட்டுமில்லை, கூப்பிட்டால் வருகிறவளும்தான்.

மூன்றாவதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். நம் பத்திரிகையின் கடைசிப் பக்கங்களில் வரும் வரன் விவரங்களை நானும் படிக்கிறேன். டைப் 1 உள்ள பிள்ளை, பெண் வீட்டார் சிலர் அதை மறைத்துப் பேசி முடிக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. 1993-ல் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா ஜாதகம் கொடுக்கும்போதே சொல்லிவிடுவார். மூன்று வரன் அப்படியே போயிற்று. அம்மா அழுதாள். நாலாவதாக வந்தவர்களிடமும் சொஜ்ஜி பஜ்ஜி வைக்கும் முன்பே அப்பா சொன்னார். பிள்ளையின் அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். "ராத்திரியில ஏதாவது ஆனா என்ன பண்ணணும்னு எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கோ" என்றாள். அவள்தான் என் மாமியார். அவள் பிள்ளைதான் இருபத்திரண்டு வருஷம் இரண்டரை மணிக்கு எழுந்தவர்.

அப்பா அன்று மறைத்திருந்தால், 1996-ல் அந்த ராத்திரி என் தலையணை ஏன் நனைந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. கெட்ட சொப்பனம் என்று போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டுத் தூங்கியிருப்பார். நான் இன்று உங்கள் முன்னால் நின்றிருக்க மாட்டேன். பக்கத்தில் படுக்கப் போகிறவருக்கு இந்த விஷயம் தெரிந்தே ஆக வேண்டும். கருவி வந்துவிட்டதே என்று இதை விட்டுவிடாதீர்கள். குழாய் மடங்கும், சென்சார் கழன்றுவிடும், மணி போர்வைக்குள் அமுங்கிப் போகும்.

அந்த டைம்பீஸ் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. சாவி கொடுப்பதில்லை. தினம் காலையில் துடைத்து வைக்கிறேன்.

 வெளியே நோட்டு இருக்கிறது. மறக்காமல் பெயர் எழுதிவிட்டு டிபனுக்குப் போங்கள்.